பரப்பு மட்டும் காப்பாகாது

தகட்டு வெப்பப் பரிமாற்றி வாங்கும் ஆலைகளின் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களிலும், அவற்றை எழுதித் தரும் ஆலோசகர்களின் பழக்கத்திலும், பொறியியல் வகுப்பறைகளிலும் ஒரு கருத்து கேள்விக்கு அப்பாற்பட்டதுபோல் வேரூன்றியிருக்கிறது. வெப்பம் கடக்கும் பரப்பைக் கூட்டினால் கருவியின் செயல்திறன் கூடும். அவ்வாறு கூட்டிய பரப்பு, பின்னாளில் படியப்போகும் உப்புக்கும் அழுக்குக்கும் முன்கூட்டியே செய்துகொண்ட காப்பாக நிற்கும். பம்புக்குச் சுமையாகும் அழுத்த இழப்பை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதே அக்கருத்து. மூன்று கூற்றுகளாகத் தோன்றினாலும் இவற்றின் வேர் ஒன்றே. தகடுகளின் எண்ணிக்கையே கருவி, அதனூடே ஓடும் திரவத்தின் வேகம் இரண்டாம்பட்சம் என்ற நினைப்பிலிருந்துதான் மூன்றும் கிளைக்கின்றன. குழாய்க்கூட்டுப் பரிமாற்றிகளின் காலத்தில் ஓரளவு பொருந்திய அந்த நினைப்பு தகட்டுக் கருவிக்குப் பொருந்துவதில்லை. பொருந்தாதது மட்டுமன்றி, எந்தத் தீங்கைத் தடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ அந்தத் தீங்கையே வரவழைக்கிறது.

நெளிவுகள் அழுத்தப்பட்ட மெல்லிய உலோகத் தகடுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரப்பர் கேஸ்கெட் பதித்து, இரு தடித்த இரும்புப் பலகைகளுக்கு நடுவே நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டிய அமைப்பே தகட்டு வெப்பப் பரிமாற்றி. ஒன்றுவிட்ட ஒன்றான இடைவெளிகளில் சூடான திரவமும் மற்றவற்றில் குளிர்ந்த திரவமும் எதிரெதிர்த் திசையில் ஓட, இடையே நிற்கும் தகட்டின் வழியாக வெப்பம் கடக்கிறது. 1878இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் டிராக்கே இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும், 1923இல் இங்கிலாந்தில் ஏபிவி நிறுவனத்தின் நிறுவனரான ரிச்சர்ட் செலிக்மன் பால் பதப்படுத்துவதற்காக உருவாக்கிய கருவியே வணிக அளவில் முதலில் நிலைபெற்றது. அவிழ்த்துக் கழுவ முடியும் என்பதே பால் தொழிலுக்கு அதன் முதல் ஈர்ப்பு. தடித்த தகடுகளின் இடத்தை அழுத்தி உருவாக்கிய மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் பிடித்த பிறகுதான், வெப்பம் கடத்துவதிலும் அது பிற கருவிகளை விஞ்சத் தொடங்கியது.

விஞ்சியதற்குக் காரணம் தகட்டின் மெல்லிய தடிமன் மட்டுமன்று. இன்றைய தகட்டின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், தகடுகளுக்கு இடையேயான இடைவெளி பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர். ஒரு தகட்டின் மீன்முள் வடிவ நெளிவுகள் அடுத்த தகட்டின் நெளிவுகளைக் குறுக்காக வெட்டித் தொடுவதால், திரவம் நேராக ஓட வழியின்றித் திரும்பித் திரும்பிக் கலங்குகிறது. ஓட்டத்தின் உந்தத்துக்கும் திரவத்தின் பாகுத்தன்மை தரும் தடைக்கும் உள்ள விகிதத்தைக் குறிப்பது ரெனால்ட்ஸ் எண். வழவழப்பான குழாயில் அந்த எண் 2300ஐத் தாண்டிய பிறகே கொந்தளிப்பு ஓட்டம் தலைகாட்டும் என்றால், நெளிவுத் தகடுகளுக்கு இடையே சில நூறுகளிலேயே அது வந்துவிடுகிறது. அதனால் ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு கெல்வின் வெப்பநிலை வேறுபாட்டுக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதைச் சொல்லும் மொத்த வெப்பக் கடப்புக் குணகம், நீருக்கும் நீருக்கும் இடையே குழாய்க்கூட்டில் 1000ஐ ஒட்டி நிற்கும்போது தகட்டுக் கருவியில் 5000ஐ எட்டுகிறது. கருவியின் மேன்மை முழுவதும் இந்தக் கொந்தளிப்பில் அடங்கியிருக்கிறது. கொந்தளிப்போ வேகத்தைச் சார்ந்தது. வேகமோ அழுத்த இழப்பாகிய விலையைக் கொடுத்துத்தான் கிடைக்கும்.

மேலே செல்லுமுன், செயல்திறன் என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சூடான திரவம் இழந்த வெப்பத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் குளிர்ந்த திரவம் பெற்றுக்கொள்வதால், வெப்பத்தின் அளவை மட்டும் பார்த்தால் எந்தப் பரிமாற்றியும் நூற்றுக்கு நூறு செயல்திறன் உடையதே. இழக்கப்படுவது வெப்பத்தின் அளவன்று, அதன் தரம். 70 டிகிரியில் கிடைத்த வெப்பம் 60 டிகிரியில்தான் மறுபுறம் போய்ச் சேர்கிறது என்றால், அந்தப் பத்து டிகிரி வேறெங்கோ எரிபொருளாகவோ மின்சாரமாகவோ ஈடுசெய்யப்பட வேண்டும். 1982இல் வெளியான தம் நூலில் ஏட்ரியன் பேஜன் விரிவாகக் காட்டியதுபோல, வெப்பப் பரிமாற்றியில் மீளமுடியாத இழப்பு இரு வாயில்களால் நேர்கிறது: ஒன்று இரு திரவங்களுக்கும் இடையே எஞ்சும் வெப்பநிலை வேறுபாடு, மற்றது உராய்வு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இந்த இரண்டின் கூட்டுத்தொகையைக் குறைப்பதே வடிவமைப்பு. ஒன்றை மட்டும் பூச்சியத்தை நோக்கித் தள்ளுவது வடிவமைப்பாகாது.

படிவுக் காரணி என்ற எண்ணிலிருந்தே மறுப்பைத் தொடங்குவது பொருத்தம். பிழையின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. ஓடும் நீரிலிருந்து சுண்ணாம்பும் சேறும் உயிர்ச்சவ்வும் உலோகத்தின் மீது படிந்து வெப்பத்தைத் தடுப்பதைப் படிவு என்றும், அத்தடையை முன்கூட்டியே கணக்கில் சேர்க்கும் எண்ணைப் படிவுக் காரணி என்றும் சொல்வர். 1939இல் அமெரிக்காவில் அமைந்த குழாய்க்கூட்டுப் பரிமாற்றி உற்பத்தியாளர் சங்கமான டெமா, 1941இல் வெளியிட்ட தன் தரநிலையில் இந்த எண்களைப் பட்டியலிட்டது. குழாய்க்கூட்டின் உள்ளே மெதுவாக ஓடும் பகுதிகளும் ஓட்டமே இல்லாத மூலைகளும் உண்டு என்பதால், அக்கருவிக்கு அந்த எண்களில் ஒரு நியாயம் இருந்தது. அதே எண்களை இன்றும் தகட்டுக் கருவியின் ஒப்பந்தப்புள்ளியில் எடுத்து எழுதுவதுதான் கேடு. குளிர்கோபுர நீருக்கு வழக்கமாக எழுதப்படும் எண் 0.000176, வாட்டுக்குச் சதுர மீட்டர் கெல்வின் என்பது இதன் அலகு. மொத்தக் குணகம் 1000 ஆக உள்ள குழாய்க்கூட்டில் தூய நிலைத் தடை 0.001, அதனுடன் இந்தக் காரணியைக் கூட்டினால் பரப்பு 17.6 விழுக்காடு கூடுகிறது, அவ்வளவே. குணகம் 5000 ஆக உள்ள தகட்டுக் கருவியிலோ தூய நிலைத் தடையே 0.0002தான், அதே காரணியைக் கூட்டினால் பரப்பை 88 விழுக்காடு கூட்ட வேண்டியிருக்கிறது. நன்றாக வெப்பம் கடத்துகிறது என்ற ஒரே குற்றத்துக்காகக் கருவி ஐந்து மடங்கு தண்டம் கட்டுகிறது.

தண்டம் பணத்தோடு முடிந்துவிட்டாலாவது பொறுத்துக்கொள்ளலாம். கூட்டிய தகடுகள் கருவிக்குள் என்ன செய்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இந்த நம்பிக்கையின் உள்ளீடற்ற தன்மை புலப்படும். தகடுகள் இணையாக அடுக்கப்படுவதால், அவற்றின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வோர் இடைவெளிக்கும் கிடைக்கும் நீரின் பங்கு குறைந்து வேகம் தணிகிறது. தகட்டு வகைக்கேற்ப அடுக்குகள் சற்றே மாறினாலும், திரவத்துக்கும் தகட்டுக்கும் இடையேயான வெப்பக் கடப்பு வேகத்தின் 0.7ஆம் அடுக்கையும், உராய்வு 1.8ஆம் அடுக்கையும் ஒட்டி மாறுகின்றன என்று கொள்வது பொறியியல் வழக்கு. அரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டின் தடை 0.000031, மொத்தம் 0.0002இல் எஞ்சிய 0.000169 இருபுறத் திரவப் படலங்களுடையது. தகடுகளை 1.88 மடங்காக்கினால் வேகம் 53 விழுக்காடாகிறது, படலத் தடை 0.000264 ஆகப் பெருகுகிறது, 88 விழுக்காடு கூடுதல் பரப்புக்குப் பணம் கொடுத்த ஆலைக்குத் தூய நிலையில் கிடைக்கும் கூடுதல் வெப்பக் கடப்பு கால் பங்குக்குச் சற்றே மேல். அந்தக் கருவியின் மீது ஆவணம் எதிர்பார்க்கும் படிவும் முழுமையாகப் படிந்துவிட்டால், தேவையான வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் கடக்கும். அதாவது, காரணியைப் பெருக்கிப் பரப்பைக் கூட்டிய கணக்கு தன் சொந்த நிபந்தனையையே நிறைவேற்றுவதில்லை.

வேகக் குறைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, படிவு நிலையிலும் தேவை நிறைவேறும்படி தகடுகளைக் கூட்டிக்கொண்டே போனால் எண்ணிக்கை 2.75 மடங்கில் போய் நிற்கிறது. அப்போது இடைவெளியில் ஓடும் நீரின் வேகம் முதலில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியும், உராய்வு ஆறில் ஒரு பங்காகவும் சரிந்துவிடுகின்றன. இந்தச் சரிவின் பொருளை ஓர் உண்மையான இடைவெளியில் வைத்துப் பார்க்கலாம். ஓடும் திரவம் தகட்டின் மேற்பரப்பைத் தேய்த்து இழுக்கும் விசையைப் பரப்பால் வகுத்துப் பெறுவது சுவர்த் தகைவு. அழுத்த இழப்பை இடைவெளியின் சமவிட்டத்தால் பெருக்கி, ஓட்ட நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அதன் மதிப்பு தோராயமாகக் கிடைக்கும். 1.2 மீட்டர் நீளத் தகடு, 5 மில்லிமீட்டர் சமவிட்டம், 60 கிலோபாஸ்கல் அழுத்த இழப்பு என்றால் சுவர்த் தகைவு 62 பாஸ்கல். தகடுகளை 2.75 மடங்காக்கிய பிறகு எஞ்சுவது 10 பாஸ்கல். தன்மீது ஒட்டவரும் சேற்றையும் சவ்வையும் உரித்துக்கொண்டு போகும் நிலையிலிருந்த தகடு, இப்போது அவற்றைத் தங்கவிடும் தகடாகிவிட்டது.

இது வெறும் ஊகமன்று. 1959இல் கெர்ன், சீட்டன் ஆகிய இருவரும் படிவின் வளர்ச்சியை இரு எதிர்ச் செயல்களின் வேறுபாடாக விளக்கினர்: ஒருபுறம் படிதல், மறுபுறம் ஓட்டம் அதை அரித்து நீக்குதல். நீக்கம் சுவர்த் தகைவோடும் படிவின் தடிமனோடும் கூடுவதால், ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிப் படிவு மேலே வளராமல் நின்றுவிடுகிறது. அந்த நிலையான தடிமன் எவ்வளவு என்பதைத் தகைவே தீர்மானிக்கிறது. ஆகவே படிவு என்பது நீரின் குணமாக மட்டும், கருவிக்கு வெளியிலிருந்து கொடுக்கப்படும் மாறாத எண்ணாக எழுதப்படுவதே அடிப்படைத் தவறு. அது நீரின் குணமும் வடிவமைப்பின் குணமும் சேர்ந்து விளைவது. வடிவமைப்பாளர் படிவுக்கு அஞ்சிச் சேர்த்த தகடுகள் தகைவைக் குறைத்து, அஞ்சிய படிவைத் தாமே வளர்க்கின்றன. ஆறு மாதம் கழித்துக் கருவியைத் திறந்து வெள்ளைப் படலத்தைக் காணும் ஆலை நிர்வாகம், காரணி போட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்று மகிழ்ந்து அடுத்த கருவிக்கு இன்னும் பெரிய காரணியைக் கேட்கிறது.

கடின நீர் ஓடும் ஆலைகளில் இந்தச் சுழல் இன்னும் கொடியதாக வேலை செய்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றுக்கு இது அன்றாடச் சிக்கல். பெரும்பாலான உப்புகள் சூடேறினால் கூடுதலாகக் கரைய, கால்சியம் கார்பனேட்டோ சூடேறினால் கரைதிறன் குறைந்து பிரிகிறது. தேவைக்கு மிஞ்சிய பரப்புள்ள புதிய கருவி முதல் நாளிலிருந்தே அளவுக்கு மீறிக் குளிர்விப்பதால், வெளியேறும் சூடான திரவத்தின் வெப்பநிலையைச் சரியான இடத்தில் நிறுத்த இயக்குபவர் குளிர்நீர் வால்வைத் திருகிச் சுருக்குகிறார். குறைந்த நீர் அதே வெப்பத்தைச் சுமக்க வேண்டியிருப்பதால் அது 40 டிகிரியில் வெளியேறுவதற்குப் பதில் 50 டிகிரியில் வெளியேறுகிறது. வேகம் குறைந்து, சுவரும் சூடேறி, சுண்ணாம்பு படிவதற்கு இரு கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. ஆவணத்தில் பாதுகாப்பு என்று பெயர் பெற்ற பரப்பு, ஆலையில் பாதி மூடிய வால்வாக நிற்கிறது.

மறுபுறம் நிற்போர் இதற்கு ஒரு நேர்மையான எதிர்வாதம் வைப்பதுண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சர்க்கரை ஆலைச் சாறு, நார் கலந்த காகித ஆலை நீர், சங்கும் சிப்பியும் நுழையும் கடல்நீர் போன்றவை எவ்வளவு வேகமாக ஓடினாலும் அடைக்கத்தான் செய்யும், அப்போது கூடுதல் பரப்பு இல்லையென்றால் ஆலை நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். அடைப்பு உண்மைதான், ஆனால் அது மேற்பரப்பில் படரும் படிவு அன்று, வழியை மறிக்கும் தடை. அதற்கு மருந்து அகன்ற இடைவெளித் தகடு, நுழைவாயிலில் வலை வடிகட்டி, ஓட்டத்தைத் திருப்பிவிட்டு அலசும் குழாய் அமைப்பு, ஓயாது இயங்க வேண்டிய ஆலைகளில் மாற்றுக்கு நிற்கும் இரண்டாவது கருவி. இவற்றில் எதுவும் கூடுதல் தகடு அன்று. நார் வந்து வாயை அடைக்கும் கருவியில் நூறு இடைவெளிகளுக்குப் பதில் இருநூறு இடைவெளிகள் இருந்தால், மெதுவாக ஓடும் இருநூறு இடைவெளிகள் அடைபடும்.

அழுத்த இழப்பைப் பற்றிய அச்சம் இதே நம்பிக்கையின் மறுபக்கம். அதன் விளைவைப் பால் பதப்படுத்தும் கருவியில் தெளிவாகக் காணலாம், ஏனெனில் அங்கே சேமிக்கப்படும் ஒவ்வொரு டிகிரியும் நேரடியாகக் கொதிகலனிலும் குளிரூட்டியிலும் தெரிகிறது. 4 டிகிரியில் வரும் பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 நொடி அந்நிலையில் வைத்து, மீண்டும் 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். சூடாகி வெளியேறும் பாலின் வெப்பத்தை உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்குக் கொடுக்கும் பகுதியை வெப்ப மீட்புப் பகுதி என்பர். மீட்பு 90 விழுக்காடாக இருந்தால் பால் 65.2 டிகிரி வரை இலவசமாகச் சூடேறும், எஞ்சிய 6.8 டிகிரியை நீராவி தர வேண்டும். 95 விழுக்காடானால் 68.6 டிகிரி வரை ஏறி, நீராவியின் பங்கு 3.4 டிகிரியாகப் பாதியாகிவிடும். மணிக்கு 10,000 லிட்டர் பதப்படுத்தும் ஆலையில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 38 கிலோவாட் வெப்பம். குளிரூட்டும் பக்கத்திலும் அதே அளவு சுமை குறைகிறது.

அந்த ஐந்து விழுக்காட்டை எப்படிப் பெறுவது என்பதில்தான் இரு கொள்கைகளும் பிரிகின்றன. மீட்புப் பகுதியில் இருபுறமும் ஒரே அளவு பால் எதிரெதிராக ஓடுவதால், 90 விழுக்காட்டுக்கு ஒன்பது அலகும் 95 விழுக்காட்டுக்குப் பத்தொன்பது அலகும் வெப்ப நீளம் தேவைப்படுகிறது. குணகத்தையும் பரப்பையும் பெருக்கி, ஓடும் திரவத்தின் வெப்பக் கொள்திறனால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே வெப்ப நீளம் எனப்படுவது. பரப்பே எல்லாம் என்போர் தகடுகளை இணையாக இரட்டிப்பார்கள். வேகம் பாதியாகிப் படலத் தடை கூடுவதால் வெப்ப நீளம் பன்னிரண்டை ஒட்டி நின்றுவிட, மீட்பு 92 விழுக்காட்டோடு தேங்கும். அதே தகடுகளைத் தொடராக, பால் ஒரு தொகுதியைக் கடந்து திரும்பி அடுத்த தொகுதியில் நுழையும்படி அமைத்தால் வேகம் குறையாது, பத்தொன்பது அலகு கிடைக்கும், 95 விழுக்காடு கைக்கு வரும். விலையாக அழுத்த இழப்பு இரு மடங்குக்குச் சற்று மேலாகும். தகடுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். பலன் தகட்டிலிருந்து வரவில்லை, அழுத்தத்தைச் செலவிடச் சம்மதித்ததிலிருந்து வந்தது. பதப்படுத்திய பாலின் பக்கம் எப்போதும் பச்சைப் பாலின் பக்கத்தைவிட உயர்ந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் தகட்டில் ஓட்டை விழும்போது கிருமியுள்ள பால் தூய பாலில் கலந்துவிடும் என்பதால், இந்தச் செலவை எங்கே ஏற்பது, எங்கே கூடுதல் பம்பு வைப்பது என்பதும் வடிவமைப்பின் பகுதியாகிறது. அது கடினமான வேலைதான், ஆனால் கடினம் என்பது அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமாகாது.

விலை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தால் அச்சத்தின் மிகை புரியும். மணிக்கு 100 கன மீட்டர் நீர் ஓடும் கருவியில் கூடுதலாக 50 கிலோபாஸ்கல் அழுத்த இழப்பை ஏற்றால், பம்பின் திறன் 70 விழுக்காடு என்ற கணக்கில், ஒரு பக்கத்துக்கு 2 கிலோவாட் மின்சாரம் கூடும். இரு பக்கத்துக்கும் 4. அதே நீரின் வெப்பநிலையில் ஒரே ஒரு டிகிரியை மீட்டால் கிடைப்பது 116 கிலோவாட் வெப்பம். வெப்ப மீட்புப் பணியில் இந்த இரண்டையும் எடைபோடுவதற்கு நுண்ணிய தராசு எதுவும் தேவையில்லை. எனினும் எல்லாப் பணிகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்வது மறுதரப்பின் பிழையைத் தலைகீழாகச் செய்வதாகும். கட்டடக் குளிரூட்டலில் அதே 100 கன மீட்டர் நீர் 5 டிகிரி வேறுபாட்டில் 580 கிலோவாட் குளிர்ச்சியைச் சுமக்க, அதற்குக் குளிரூட்டி ஏறக்குறைய 116 கிலோவாட் மின்சாரம் எடுக்கிறது என்றால், நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த முடிவதால் மிச்சமாவது அதில் இரண்டு மூன்று விழுக்காடுதான். 3 கிலோவாட்டைக் காப்பாற்ற 4 கிலோவாட் பம்புக்குக் கொடுப்பது அறிவுடைமையன்று. அங்கே மிதமான அழுத்த இழப்பே சரி. குறைந்த அழுத்த இழப்பே நல்லது என்ற பொது விதியை மறுப்பதன் நோக்கம் அதற்கு எதிரான பொது விதியை நாட்டுவதன்று; ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும் என்பதே.

இதே காரணத்தால், மிகக் கூடுதலான குணகம் தரும் தகடே மிகச் சிறந்த தகடு என்ற, உற்பத்தியாளர் விளம்பரங்களில் அடிக்கடி காணும் கருத்தையும் ஏற்க முடியாது. நெளிவுகள் ஓட்டத் திசையோடு செய்யும் கோணம் பெரிதாகப் பெரிதாகத் தடையும் வெப்பக் கடப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. ஏறக்குறைய 30 டிகிரிக் கோணமுள்ள தகட்டை மென்தகடு என்றும், 60 டிகிரியை ஒட்டியதை வன்தகடு என்றும் கொள்ளலாம். 1985இல் ஃபோக்கே, சகாரியாடஸ், ஒலிவியர் ஆகியோர் கோணத்தை மாற்றி மாற்றிச் செய்த ஆய்வு, சிறிய கோணங்களில் இருபுற நெளிவுகளின் பள்ளங்களைப் பின்பற்றி ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடும் திரவம், மிகப் பெரிய கோணங்களில் வளைந்து நெளிந்து, மோதித் திரும்புவதுபோல் ஓடத் தொடங்குவதைக் காட்டியது. 1996இல் ஹோல்கர் மார்ட்டின் வெளியிட்ட சமன்பாட்டில் வெப்பக் கடப்பு உராய்வின் 0.374ஆம் அடுக்காக வருகிறது. உராய்வைப் பத்து மடங்காக்கினால் வெப்பக் கடப்பு 2.4 மடங்குதான் ஏறும் என்பது இதன் பொருள். வன்தகட்டின் உயர்ந்த குணகம் எங்கிருந்தோ வந்த வரமன்று, அது உராய்வைக் கொடுத்து வாங்கியது. வாங்கியதற்கு அந்தப் பணியில் பயன் இருந்தால் மட்டுமே அது சிறப்பு.

பெருமளவு நீரைச் சில டிகிரி மட்டும் மாற்ற வேண்டிய பணிக்கு, அதாவது வெப்ப நீளம் குறைவாகத் தேவைப்படும் இடத்துக்கு, வன்தகட்டைப் போட்டால் அனுமதித்த அழுத்த இழப்புக்குள் அடங்க இணையான இடைவெளிகளைக் கூட்ட வேண்டியிருக்கும்; வெப்பத்துக்குத் தேவைப்படாத பரப்பு அழுத்தத்துக்காகச் சேரும். நீண்ட வெப்ப நீளம் கேட்கும் இடத்தில் மென்தகட்டைப் போட்டால் எத்தனை தகடு சேர்த்தாலும் ஒரே கடப்பில் தேவை நிறைவேறாது. இரண்டுக்கும் நடுவே வரும் பணிக்கு வன்தகடுகளையும் மென்தகடுகளையும் ஒரே கருவியில் உரிய விகிதத்தில் கலந்து அடுக்கும் முறை பல பத்தாண்டுகளாகவே வழக்கில் உண்டு. ஒரு வன்தகடும் ஒரு மென்தகடும் சேர்ந்த இடைவெளி இரண்டுக்கும் இடைப்பட்டதாக நடந்துகொள்வதால், அனுமதித்த அழுத்த இழப்பு முழுவதும் பயன்பட்டு, தேவைப்பட்ட வெப்பமும் சரியாகக் கடக்கும்படி விகிதத்தைத் திட்டமிட முடிகிறது. அழுத்தமும் வெப்பமும் ஒரே தகட்டு எண்ணிக்கையில் நிறைவேறும் அந்தப் புள்ளியே இக்கருவியின் வடிவமைப்பு எட்ட வேண்டிய இடம். ஒப்பந்தப்புள்ளியில் 10 கிலோபாஸ்கலுக்கு மேல் கூடாது என்று எழுதிவிட்ட ஆலோசகர் அந்தப் புள்ளிக்கான வழியை வடிவமைப்பாளருக்கு முன்கூட்டியே அடைத்துவிடுகிறார்.

தகட்டின் மூலைத் துளைகளைப் பற்றியும் ஒரு சொல். எல்லா இடைவெளிகளுக்கும் நீரைப் பகிர்ந்தளிக்கும் வாய்க்கால் அந்தத் துளைகள் சேர்ந்து உருவாக்கும் குழாயே. 1984இல் பாசியூனியும் மார்ட்டினும் நிறுவியதுபோல், அந்தக் குழாயில் அழுத்தம் மாறிக்கொண்டே செல்வதால் எல்லா இடைவெளிகளுக்கும் ஒரே அளவு நீர் போவதில்லை. நுழைவதும் வெளியேறுவதும் ஒரே பக்கமாக உள்ள வழக்கமான அமைப்பில் முன்னுள்ள இடைவெளிகள் நிறைய வாங்கிக்கொள்ள, கடைசியில் இருப்பவை பட்டினி கிடக்கின்றன. தகடுகளைக் கூட்டி, இடைவெளிகளில் அழுத்த இழப்பைக் குறைக்கக் குறைக்க இந்த ஏற்றத்தாழ்வு பெருகுகிறது, ஏனெனில் பகிர்வைச் சமன்செய்வது இடைவெளியின் தடையே. ஆகவே காப்புக்காகச் சேர்த்த கடைசித் தகடுகளே மிகக் குறைந்த நீரைப் பெற்று, அதை மிக மெதுவாக ஓட்டி, எல்லாவற்றுக்கும் முன்பாகப் படிவு பிடிக்கின்றன. தகடுகளை அவிழ்த்துப் பார்க்கும்போது முன்வரிசை பளபளக்க, பின்வரிசை வெளுத்துக் கிடப்பதைக் கண்டால் நீரின் தரத்தை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போவது பயனற்றது.

கணக்கில் சிறு பிசகு இருக்கலாம், ஆலையின் உற்பத்தி பின்னாளில் பெருகலாம் என்ற நடைமுறைக் கவலைக்கு இடம் உண்டு. 10 முதல் 25 விழுக்காடு வரை மிகைப் பரப்பு அந்தக் கவலைக்குப் பெரும்பாலும் போதும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், இக்கருவியின் தனிச்சிறப்பே அதற்கு வழி தருகிறது. மேல்தாங்கு கம்பியும் போல்ட்டுகளும் நீளமாக இருந்தால், தேவைப்படும் நாளில் கருவியைத் தளர்த்தித் தகடுகளைச் சேர்த்து மீண்டும் உரிய அளவுக்கு இறுக்கிக்கொள்ளலாம். பற்றவைத்த குழாய்க்கூட்டுக்கு இல்லாத இந்த வசதி இருக்கும்போது, பத்தாண்டு கழித்துத் தேவைப்படலாம் என்ற தகட்டை இன்றே வாங்கி, அந்தப் பத்தாண்டும் கருவியைக் கெடுக்கவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. வாங்க வேண்டியது நீளமான சட்டம். தகடுகள் பிறகு வரட்டும்.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியை எழுத அமரும் பொறியாளர்களுக்கு வைக்கும் வேண்டுகோள் இதுதான்: 0.000176 என்று பழைய பட்டியலிலிருந்து இறக்கிய எண்ணை அடித்துவிடுங்கள். அந்த வரியில், செலவிடத் தயாரான அழுத்த இழப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். அதில் மூலைத் துளைகள் தின்னும் பங்கு எவ்வளவு, குறைந்த ஓட்டத்தின்போதும் சுவர்த் தகைவு எத்தனை பாஸ்கல் நிற்கும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.